ஸ்டென்ட் வைத்த அப்பா எண்ணெயையே விட்டுவிட்டார், ஆனால் ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கிறது. என்ன செய்ய?

தக்கலைப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 56 வயது. போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ பார்த்து, இதய ரத்தக்குழாயின் அடைப்பை விரித்து வைக்கிற வலைக்குழாய், ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை, பிரஷர் மட்டும் கொஞ்சம் உண்டு. டிஸ்சார்ஜ் அன்றைக்கு, "எண்ணெய், கொழுப்பு எல்லாம் குறைச்சிடுங்க" என்றார்கள். எதை, எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்தாயிற்று.

அப்பா பயந்துபோய்க் குறைப்பதற்குப் பதில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தேங்காய் எண்ணெய் சமையல்தான். தேங்காய் அரைக்காத குழம்பு கிடையாது, துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) இல்லாத மதியச் சோறு கிடையாது. இப்போது அவருக்கு மட்டும் தனிச் சட்டி. காலையில் நாலைந்து இட்லி, அதுவும் சர்க்கரை தொட்டு (சட்னியில் தேங்காய் இருக்கிறதாம்). பதினொரு மணிக்குக் கட்டன் சாயாவும் (பால் இல்லாத டீ) ரஸ்க்கும். மதியம் சோறு, ரசம், அவித்த காய். சாயங்காலம் மறுபடி ரஸ்க். ராத்திரி கஞ்சி. மீன், முட்டை, கடலை எதையும் தொடுவதில்லை. எல்லாவற்றிலும் கொழுப்பு இருக்கிறது என்கிறார்.

ஸ்டென்ட் வைத்த சமயத்தில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 142, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, ட்ரைகிளிசரைடு 171. போன வாரம் எடுத்ததில் எல்டிஎல் 68, ஹெச்டிஎல் 33, ட்ரைகிளிசரைடு 244. கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டார்வாஸ்டாட்டின் 40 தினமும் ராத்திரி போடுகிறார்.

ஆளுக்கொரு யோசனை வேறு. அண்ணன் பெங்களூரிலிருந்து ஆலிவ் எண்ணெய் அனுப்புகிறான். பெரியப்பா, தேங்காய் எண்ணெய் அமிர்தம், அதைக் கெட்டது என்று சொன்னதெல்லாம் ரீஃபைண்ட் கம்பெனிக்காரன் வேலை என்கிறார். அத்தை வீட்டில் சூரியகாந்தி. அம்மா எதற்கும் வழி தெரியாமல் அழுகிறாள். இத்தனை பத்தியம் இருந்தும் ட்ரைகிளிசரைடு ஏன் ஏறியது? எந்த எண்ணெய்தான் வாங்குவது?


காங்கேயம் செக்குக்காரன்:

தங்கச்சி, முதலில் அப்பா நலமாகட்டும். எனக்குத் தொழில் கொப்பரை, அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய் கொடுத்து 2 வருடம் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்தது. கொலஸ்ட்ராலிலும் சரி, மறுபடி மாரடைப்பு வந்ததிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

இன்னொன்று, கடையில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற கொப்பரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போட்டிருப்பார்கள். வெயிலில் மட்டும் காய்ந்த கொப்பரை லேசாகப் பழுப்பு ஓடித்தான் இருக்கும். ஆட்டுகிற இடத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.


பாளை டயட் அக்கா:

தக்கலைத் தங்கச்சிக்கு. அரசு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நான் பேசுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

எல்டிஎல் 142-லிருந்து 68-க்கு வந்தது தன் பத்தியத்தால் என்று அப்பா நம்பிக்கொண்டிருப்பார். பெரும்பங்கு அந்த மாத்திரையுடையது. அட்டார்வாஸ்டாட்டின் 40 தனியாகவே எல்டிஎல்லை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். அதே மாத்திரை ட்ரைகிளிசரைடையும் ஓரளவு இறக்கும். அப்படியும் 171 ஏறி 244 ஆகியிருக்கிறது என்றால் காரணம் நீங்கள் எழுதிய பட்டியலிலேயே இருக்கிறது: இட்லி, சர்க்கரை, ரஸ்க், சோறு, மறுபடி ரஸ்க், கஞ்சி. காலையிலிருந்து ராத்திரி வரை மாவுதான். உடம்புக்கு வேண்டியது போக மிஞ்சுகிற மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அந்தக் கொழுப்புதான் ட்ரைகிளிசரைடு. அது ஏறும்போது ஹெச்டிஎல் இறங்குவதும் வழக்கம். எண்ணெயே தொடாத மனிதனின் ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது இப்படித்தான். வார்டில் இந்த ரிப்போர்ட்டை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன், முக்கால்வாசிப் பேர் ரொம்பக் கட்டுப்பாடானவர்கள்!

அதனால் எந்த எண்ணெய் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கெட்ட கொழுப்பை எடுத்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதுதான் விஷயம். 2017-இல் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய இருக்கிற நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் நிறைவுறாக் கொழுப்புள்ள தாவர எண்ணெய் வந்தபோது இதய நோய் சுமார் 30 சதவீதம் குறைந்தது. அதே இடத்தில் மைதாவும் சர்க்கரையும் வந்தபோது பலன் தெரியவில்லை. அப்பா செய்திருப்பது இரண்டாவது.

இனி தேங்காய் எண்ணெய். காங்கேயத்து அண்ணாச்சி சொன்ன கொச்சி ஆய்வு உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அதில் இருந்தவர்கள் ஏற்கெனவே நல்ல சிகிச்சையில், அப்பா போடுவது போன்ற ஸ்டாட்டின் மாத்திரையில் இருந்தவர்கள். 200 பேரில் 2 வருடத்தில் வருகிற மாரடைப்பை வைத்து எந்த எண்ணெய் பத்திரம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, எண்ணிக்கை போதாது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2020-இல் கணக்குப் போட்டபோது, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி ஏற்றியது தெரிந்தது. ஹெச்டிஎல்லையும் கொஞ்சம் ஏற்றுகிறது. பெரியப்பா அதை மட்டும் பிடித்துக்கொள்வார், விடுங்கள்.

ஏன் ஏற்றுகிறது என்றால், ரத்தத்தில் ஓடுகிற எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற வாங்கிகள் ஈரலின் செல்கள் மேல் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு நிறையப் போனால் அந்த வாங்கிகள் குறைந்துவிடும், எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 முதல் 90 சதவீதம். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நெய்யில் 60-க்கு மேல். கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 பக்கம், சூரியகாந்தியில் 10 பக்கம். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பாக்கெட்டில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயில் உட்பட.

ஆனால் குமரி மாவட்டத்துக்காரர்களிடம் போய்த் தேங்காயையே விடு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். துவரனுக்குத் தாளிக்க, மீன் குழம்பு இறக்கும்போது மேலே சுற்றி விட, ஒரு டீஸ்பூன் வைத்துக்கொள்ளட்டும். மணத்துக்கு அது போதும். பொரிப்பதையும் வதக்குவதையும் கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாற்றுங்கள். அரைக்கிற தேங்காயையும் கணக்கில் சேருங்கள், பலர் இதை மறந்துவிடுவார்கள். பெரிய தேங்காயில் அரைமூடி துருவினால் சுமார் 40 கிராம் கொழுப்பு. நாலு பேர் குழம்புக்கு ஒரு கைப்பிடித் துருவல் போதும், கெட்டியாக வேண்டுமென்றால் கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்த்து அரைக்கலாம்.

அண்ணன் அனுப்பிய ஆலிவ் எண்ணெய் நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஸ்பெயினில் இதய நோய் வரக்கூடிய ஆபத்து உள்ள 7,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய், இன்னொரு பிரிவுக்குத் தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட். மூன்றாவது பிரிவைக் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். 2013-இல் வெளியிட்டார்கள். ஆட்களைப் பிரித்த முறையில் குறை இருந்தது தெரிந்து, திரும்பக் கணக்குப் போட்டு 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான்: முதல் இரண்டு பிரிவுகளிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் சாவு மூன்றும் சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைவு. கொழுப்பை ஒதுக்கச் சொன்னவர்களைவிட நல்ல கொழுப்பைத் தின்னச் சொன்னவர்கள் நன்றாக இருந்தார்கள். அப்பாவுக்கு இதை இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். வந்த பாட்டிலைக் காலி செய்யுங்கள், அடுத்த பாட்டிலுக்குச் செலவழிக்கிற காசில் மீன் வாங்குங்கள்.

ரஸ்க்கை இன்றைக்கே நிறுத்துங்கள். அதில் இருப்பது மைதா, சர்க்கரை, பேக்கரிக் கொழுப்பு. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் என்று நம் நாட்டில் உச்சவரம்பு போட்டுவிட்டார்கள், அது நல்ல காரியம். டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி ஹெச்டிஎல்லை இறக்கும், அதைப்போலக் கெட்டது வேறு இல்லை. ஆனால் அதை எடுத்த இடத்தில் பல பேக்கரிகளில் பாமாயில் கொழுப்பு வந்திருக்கிறது. அப்பா எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதைச் சாயாவில் முக்கித் தின்கிறார்.

பதினொரு மணிக்கு ரஸ்க்குக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த கடலை, உப்பு குறைத்து. சாயங்காலம் பயறு சுண்டல். காலையில் இட்லி மூன்று, சாம்பார் நிறைய, வேர்க்கடலைச் சட்னி. மதியம் சோற்றைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்குங்கள். ராத்திரிக் கஞ்சி வேண்டுமென்றால் பயறு சேர்த்து வையுங்கள், வெறும் கஞ்சி வேண்டாம்.

அப்புறம், இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அந்த ரத்தம் வெறும் வயிற்றில் எடுத்ததா? சர்க்கரை இல்லை என்று எப்போது பார்த்தீர்கள்? ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை) ஒன்று எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகிறது என்பதையும் மளிகைச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள், "கொஞ்சம்தான்" என்பாள்!


தக்கலைப்பெண்:

அக்கா, ரொம்ப நன்றி. சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரஸ்க் வந்த இடத்தில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ரத்தம் வெறும் வயிற்றில்தான் எடுத்தது. சர்க்கரை கடைசியாக ஸ்டென்ட் சமயத்தில் பார்த்தது, ஹெச்பிஏ1சி எடுக்கச் சொல்கிறேன்.

சீட்டைப் பார்த்தேன். நாலு பேருக்குத் தேங்காய் எண்ணெய் 4 லிட்டர், ரேஷன் பாமாயில் 1 லிட்டர். அம்மா கொஞ்சம்தான் என்றாள், நீங்கள் சொன்னது போலவே.

மீன் எது வாங்கலாம்? வஞ்சிரம் விலைக்குக் கட்டுப்படி ஆகாது. பொரித்தால்தான் அப்பா தின்பார்.


குளச்சல்காரன்:

வஞ்சிரம் எதற்கு மக்கா? சாளை வாங்குங்க. மீனில் இருக்கிற நல்ல கொழுப்பு, ஓமேகா 3, வேண்டும் என்றால் சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி, இந்த மூன்றும் போதும். மூன்றுமே மலிவு. மழைக்காலம் முடிந்து வருகிற சாளையில் கொழுப்பு ஏறியிருக்கும், குழம்பு வைத்தால் மேலே அதன் எண்ணெயே மிதக்கும், தனியாக எண்ணெய் விட வேண்டியதில்லை. கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு உடைந்து குடல் தெரிந்தால் வேண்டாம்.

ஜூன், ஜூலையில் தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது விலை ஏறும். அதற்காகக் கருவாட்டுக்கு மாறிவிடாதீர்கள், உங்கள் அப்பாவுக்குப் பிரஷர் உண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, கருவாட்டில் உப்பு அதிகம்.

பொரிக்காமல் தின்ன வைக்க ஒரு வழி: மிளகு, சின்ன உள்ளி, கறிவேப்பிலை, கொஞ்சம் புளி சேர்த்து அம்மியில் அரைத்துச் சாளையில் தடவி, வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுடுங்கள். இலைக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். மொறுமொறுப்பு இருக்காது, ஆனால் வாசனைக்கே ஆள் வந்து உட்காருவார்.


மதுரை வாசு:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு மீன் பிடிக்காது, மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை 1000 மில்லிகிராம் வாங்கித் தினம் ஒன்று போடுகிறேன். இவர் அப்பாவுக்கும் அதையே கொடுத்தால் ட்ரைகிளிசரைடு இறங்குமே? செக்கு எண்ணெய், ரீஃபைண்ட் எண்ணெய் இரண்டில் எது என்பதையும் அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.


பாளை டயட் அக்கா:

வாசு தம்பி, அட்டையின் பின்பக்கம் படியுங்கள். 1000 மில்லிகிராம் என்பது மாத்திரைக்குள் இருக்கும் மொத்த எண்ணெய். வேலை செய்கிற ஓமேகா 3 கொழுப்புகளான இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும். ட்ரைகிளிசரைடை இறக்க டாக்டர்கள் எழுதித் தருகிற அளவு நாளைக்கு 2 முதல் 4 கிராம். அந்த அளவிலும் சண்டை ஓயவில்லை. இபிஏ மட்டும் சுத்தமாகப் பிரித்து 4 கிராம் கொடுத்த ஆய்வில் 2018-இல் மாரடைப்பு முதலியவை 25 சதவீதம் குறைந்தன. இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்த்து அதே 4 கிராம் கொடுத்த இன்னொரு ஆய்வில் 2020-இல் பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டிலும் இதயத் துடிப்பு தாறுமாறாகிற கோளாறு கொஞ்சம் கூடியது. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இதை நானோ நீங்களோ சொல்லிக் கொடுக்கக் கூடாது. டாக்டர் சொன்னால் மட்டும்.

மீனிலும் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். மாரடைப்பு வந்த வேல்ஸ் நாட்டு ஆண்கள் 2,033 பேரை வைத்து 1989-இல் வெளிவந்த ஆய்வில், கொழுப்புள்ள மீன் தின்னச் சொன்ன பிரிவில் 2 வருடத்தில் சாவு 29 சதவீதம் குறைந்தது. பெரிய பரபரப்பு. அதே ஆட்களைத் தொடர்ந்து பல வருடம் பார்த்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. இருந்தாலும் வாரம் இரண்டு முறை மீன் தின்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த இரண்டு வேளையும் கறியும் பொரித்த கோழியும் தட்டில் இல்லாமல் போகிறதே, அதுவே பாதி லாபம். குளச்சல் தம்பி சொன்ன இலைச் சாளை அருமை. பொரித்த எண்ணெயில் மீனின் நல்ல கொழுப்பு கொஞ்சம் இறங்கிவிடும், அந்த எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடும்.

செக்கா ரீஃபைண்டா? நிறைவுற்றது, நிறைவுறாதது என்கிற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். செக்கு எண்ணெயில் வைட்டமின் ஈ முதலியவை கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், ருசியும் மணமும் கூடுதல். ஆனால் கடலையைப் பொறுக்காமல் ஆட்டினால் பூஞ்சையின் நஞ்சு, அஃப்லாடாக்சின், எண்ணெயோடு வந்துவிடும். ரீஃபைண்ட் செய்யும்போது அது பெருமளவு போய்விடும். அதனால் நம்பிக்கையான செக்கு என்றால் சரி, சுருங்கிக் கறுத்த கடலையைக் கொட்டுகிற செக்கு என்றால் பாக்கெட்டே மேல். எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி.

தக்கலைத் தங்கச்சி, உங்கள் சீட்டுக்கு வருகிறேன். நாலு பேருக்கு 5 லிட்டர் அதிகம். ஆளுக்கு நாளைக்கு 5 டீஸ்பூன் என்று வைத்தால் மாதம் முக்கால் லிட்டர், நாலு பேருக்கு 3 லிட்டர். கடலை எண்ணெய் ஒன்றரை, நல்லெண்ணெய் ஒன்று, தேங்காய் எண்ணெய் அரை. பாமாயில் வேண்டாம். அப்பாவுக்குத் தனிச் சட்டியும் வேண்டாம், வீட்டில் எல்லோரும் இதையே சாப்பிடுங்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற வயது நடுத்தரமாக 53, மற்ற நாட்டவர்களுக்கு 59 பக்கம் என்று 52 நாடுகளில் எடுத்த கணக்கு இருக்கிறது. பெங்களூர் அண்ணனுக்கும் அதைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வேலை: எண்ணெய் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து நேரே சட்டியில் சாய்க்கக் கூடாது. மாதம் பிறந்ததும் 3 லிட்டரைத் தனியாக எடுத்து வைத்து, ஒரு சின்னத் தூக்கில் ஊற்றி, டீஸ்பூனால் எடுத்து விடட்டும். அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிக்க வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெட்டுப்போகும். எண்ணெயில் அப்படிக் கெட்டுச் சேர்கிற துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கடைகளுக்கே 2018-லிருந்து வரம்பு இருக்கிறது, வீட்டுக்கு வந்து அளக்கத்தான் ஆள் இல்லை.


காங்கேயம் செக்குக்காரன்:

அக்கா, கொச்சி ஆய்வு விஷயத்தில் உங்களோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. 200 பேர் போதாது என்றால் 2,000 பேரை வைத்துச் செய்யட்டும், அதுவரை தீர்ப்பு எந்தப் பக்கமும் இல்லை என்றுதான் நான் சொல்வேன். அந்த அரை லிட்டரையாவது செக்கில் ஆட்டியதாக வாங்கச் சொல்லுங்கள்.


பாளை டயட் அக்கா:

தாராளமாக வாங்கட்டும் அண்ணாச்சி. 2,000 பேரை வைத்துச் செய்தால் எனக்கும் சந்தோஷம்தான். எல்டிஎல் ஏறுகிறது என்பது மட்டும் அதுவரை காத்திருக்காது.


தக்கலைப்பெண்:

கடைசியாக ஒன்று அக்கா. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ்? அப்பா கேட்கச் சொன்னார். வெளியே போனவர் திரும்பி வந்துவிட்டார்.


பாளை டயட் அக்கா:

தேங்காய் எண்ணெயில் பொரித்த மாவுச்சத்து, மேலே உப்பு. அவருக்கு ஆகாதது மூன்றும் ஒன்றாக இருக்கிறது. ஓணத்துக்கும் கல்யாண வீட்டிலும் இலையில் வைப்பதைத் தின்னட்டும், பாக்கெட் வாங்கி வீட்டில் வைக்க வேண்டாம். பச்சை ஏத்தங்காயைப் பயறோடு சேர்த்து எரிசேரிக் கூட்டு வைத்துக் கொடுங்கள். ஹெச்பிஏ1சி வந்ததும் இங்கேயே போடுங்கள், அதைப் பார்த்துத்தான் சோற்று அளவைச் சொல்ல வேண்டும்.